நாற்பது மார் நீலக் கயிறு

வீரமலையைத் தாவீது கடைசியாக உயிரோடு பார்த்தது சில்லாறு வலப்பக்கம் வளைகிற இடத்தில். வைகாசி மாதத்துக் காலை, எட்டு மணி இருக்கும், புல்லில் பனி ஈரம் காயவில்லை. வீரமலை கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, வலது கையில் மூங்கில் தூண்டிலும் இடுப்பில் தேத்தண்ணிக் கெட்டிலுமாக, ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு அறுபத்தாறு வயதுக்காரன் தாவக்கூடாத தாவல் ஒன்றைத் தாவி, திரும்பி நின்று, எப்படி என்று புருவத்தாலேயே கேட்டுவிட்டு, நீலக் கயிறு கட்டிய இடது கையை ஒரு தரம் உயர்த்திக் காட்டி, வளைவைத் தாண்டிப் போனான். கெட்டில் பாறையில் இடித்து ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கயிறுதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

அந்த ஆற்று மீனைத் தாவீதுக்குக் காட்டிக்கொடுத்தவனே வீரமலைதான். இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் வாலிபனாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைதோறும் துரையின் தூண்டில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடை ஓடையாக நடந்தவன் அவன். பிறகு இரண்டு நாட்டுக்காரர்களும் பேசி முடித்த ஒப்பந்தத்தில் அவன் பெயரும் தாவீதின் பெயரும் வந்து, கப்பலேறி, மண்டபம் முகாமில் மூன்று வாரம் கிடந்து, நீலகிரியில் குருத்துமலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து, வந்த முதல் கோடையிலேயே சில்லாற்றில் அதே மீன் துள்ளுவதைக் கண்டுவிட்டு, ஒரே ஓட்டமாக வந்து தாவீதின் லயத்து வீட்டுக் கதவைத் தட்டினான்.

"மச்சான், ட்ரவுட் இங்கயும் இருக்குடா! வயித்தோரம் ரோசாக் கலர்ல கோடு போட்டுகிட்டு, அப்படியே! அவனும் நம்ம ஆளுதான். சீமையிலேருந்து முட்டையா ஐஸ்ல வச்சுக் கப்பல்ல கொண்டாந்து விட்டது."

"நம்மள எவன் ஐஸ்ல வச்சான்?" என்றான் தாவீது.

"வச்சிருந்தா கொஞ்சம் வெள்ளையா வந்து எறங்கியிருப்போம்."

தாவீது பேச்சுக் குறைந்தவன். தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் மெஷினோடு முப்பது வருடம் நின்றவன்; அந்த இரைச்சலில் பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டவன். அவன் பேச வேண்டியதையெல்லாம் அவன் மனைவி ரூத் பேசினாள். ஒரு மார்கழியில், ஏழே நாள் காய்ச்சலில், ரூத் போய்விட்டாள். அதற்குப் பிறகு தாவீது அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். அடுப்பு எரிந்தாலும் உட்கார்ந்திருந்தான், எரியாவிட்டாலும் உட்கார்ந்திருந்தான். பக்கத்து லயத்துக்காரர்கள் கொண்டுவந்து வைத்த சோறு தட்டிலேயே காய்ந்தது. தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனியும் போயிற்று. சித்திரைக் கடைசியில் ஒரு நாள் வீரமலை தோளில் ஒரு பெரிய மூட்டையோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"எந்திரி. ஒன் பேருக்கும் மீன்பிடி லைசென்ஸ் வாங்கிட்டேன். நாலு நாளைக்கு ஆத்தோரந்தான். வீட்டுல மூக்காயி தார்ப்பாயில கூடாரம் தச்சுக் குடுத்திருக்கா. அரிசி இருக்கு, மொளகாத்தூள் இருக்கு, கருவாடு இருக்கு."

"மீன் பிடிக்கப் போறதுக்கு எதுக்குடா கருவாடு?"

"மீன் கிடைக்காட்டி?"

ரூத் போன பிறகு தாவீது சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்த குற்றத்துக்குத் தண்டனை போல எழுந்து அவன் பின்னாலேயே போனான்.

ஆற்றில் பேசக்கூடாது என்பது சட்டம். ட்ரவுட் காலடிச் சத்தத்தைக் கல் வழியாகக் கேட்டுவிடும் என்று துரை சொல்லியிருந்தாராம். ஒருவன் வளைவுக்குக் கீழே உள்ள மடுவில் நிற்க வேண்டும், மற்றவன் வளைவுக்கு மேலே. ஒருவன் நிழல் இன்னொருவன் தண்ணீரில் விழக்கூடாது. வாயை மூடிக்கொண்டு ஒரு காலைப் பொழுது நிற்பது வீரமலைக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்ததால், அவன் மூட்டையிலிருந்து ஒரு கட்டு நீல நைலான் கயிற்றை எடுத்தபோது தாவீது ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் விரித்து அளந்தால் ஒரு மார்; அப்படி நாற்பது மார். ஒரு நுனி தாவீதின் இடது மணிக்கட்டில், மறு நுனி வீரமலையின் இடது மணிக்கட்டில். வலது கை தூண்டிலுக்கு.

"ஒரு இழுப்பு இழுத்தா, இருக்கியான்னு அர்த்தம். பதிலுக்கு ஒரு இழுப்பு இழுக்கணும், இருக்கேன்னு. ரெண்டு இழுத்தா தேத்தண்ணி ரெடி. மூணுன்னா, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியா."

"இருக்கேன்னு எதுக்குச் சொல்லணும்? எங்க போயிரப் போறேன்?"

"எனக்குப் பேச்சுத் துணை வேணும்டா. வாயத்தான் கட்டிப் போட்டாச்சே."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு பீடி எரிந்து தீர்கிற நேரத்துக்கு ஒரு முறை வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு இழுப்பு வரும். தாவீது ஒரு இழுப்புக் கொடுப்பான். பத்து மணி வெயில் பாறையில் ஏறும்போது இரண்டு இழுப்பு வரும். போய்ப் பார்த்தால் கெட்டிலில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருக்கும், சர்க்கரை பாகாக. சேவல் இறகில் கட்டிய பொய்ப் பூச்சியைத் தண்ணீர் மேல் எறிந்து எறிந்து, நான்காம் நாள் தாவீது தன் முதல் ட்ரவுட்டைப் பிடித்தான். உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தட்டைக் கல்லில் சுட்டார்கள். தாவீது முள்ளைக்கூட விடாமல் தின்றான். அடுத்த கோடையும் போனார்கள், அதற்கடுத்த கோடையும் போனார்கள், பதினோரு கோடை.

பதினோராவது கோடையின் மூன்றாம் நாள்தான் அது. தாவீதின் மடுவில் வால் கிழிந்த பெரிய மீன் ஒன்று மூன்று வருடமாக அவனை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது பொய்ப் பூச்சிக்குப் பின்னால், பாதித் தண்ணீர் ஆழத்தில், சந்தேகத்தோடு நீந்தி வந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழே தொழிற்சாலையில் தேத்தண்ணி இடைவேளைச் சங்கு ஊதியது, மணி ஒன்பது பத்து. அந்த நேரம் பார்த்துக் கயிறு ஒரு இழுப்பு இழுத்தது. இடது கையை அசைத்தால் மீன் போய்விடும். இரு, பிறகு சொல்கிறேன் என்று தாவீது மனசுக்குள் சொன்னான். ஒரு மூச்சு விட்டு இன்னொரு இழுப்பு வந்தது. மீன் வாயைத் திறந்தது. தாவீது அதைப் பிடித்துவிட்டான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். சந்தோஷத்தில் மூன்று இழுப்பு இழுத்தான், ஓடிவந்து பார் என்று. பதில் இல்லை. கோபித்துக்கொண்டான் போல என்று மீனைத் தூக்கிக்கொண்டு தானே மேலே நடந்தான்.

இரண்டு மடுவுக்கும் நடுவில், புல்லில், வீரமலை குப்புற விழுந்து கிடந்தான். தலை தாவீதின் மடுவைப் பார்த்து இருந்தது. விரலிடுக்கில் பீடி இன்னும் புகைந்தது. மணிக்கட்டில் கயிறு இல்லை, இடுப்பில் கெட்டில் இல்லை. நெஞ்சடைப்பு என்றும், விழும் முன்பே உயிர் போயிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். பதில் வராததால் அவன் ஓடி வந்தான் என்பதைத் தாவீது டாக்டரிடமும் சொல்லவில்லை, வீரமலையின் மனைவி மூக்காயியிடமும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கூடாரத்தைப் பிரிக்கத் தாவீதும் வனக்காவலர் பெள்ளியும் போனார்கள். அன்றைக்குத் தாவீது அவசரத்தில் கழற்றிக் காட்டுப் பூவரசு மரத்தில் மாட்டிய கயிற்று நுனி அப்படியே இருந்தது. கயிறு விறைப்பாக இருந்தது. வளைவைத் தாண்டி, வீரமலையின் மடுவைத் தாண்டி, அடுப்புச் சாம்பலைத் தாண்டி, ஆற்றோரமாகவே மேலே ஏறிச் சோலைக்காட்டுக்குள் போயிருந்தது. பெள்ளி அதைத் தொட்டுப் பார்த்தான். கீழே சங்கு ஊதியது. கயிறு ஒரு இழுப்பு இழுத்தது. ஒரு மூச்சு விட்டு, இன்னொன்று.

"யாரோ இழுக்கறாங்க," என்றான் பெள்ளி.

"ஆமா," என்றான் தாவீது. கூடாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனான். அதற்குப் பிறகு வெகு நாள் அந்தப் பக்கமே அவன் வரவில்லை.

மறுநாள் பெள்ளி கயிற்றின் மறு நுனியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று, வலது கையால் கயிற்றைப் பிடித்தபடி, காலை ஆறு மணிக்கு மேலே நடந்தான். கையைக் கயிற்றிலிருந்து எடுக்கவே இல்லை, ஒரு இடத்திலும் திரும்பவும் இல்லை. மாலை நாலு மணிக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து நடந்து வந்து அதே பூவரசு மரத்தடியில் நின்றான். "பாதை நல்லாத்தான் இருக்கு," என்றான். தன் நோட்டில், 'சில்லாறு, நீலக் கயிறு ஒன்று, முடிவு பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஆடி மாதத்து மழையில் ஆறு இரண்டு ஆள் உயரம் வந்தது; பாலம் போயிற்று, கயிறு போகவில்லை. அந்த மழையில்தான் தொழிற்சாலைச் சங்கு கெட்டுப்போனது. பதினாலாம் நம்பர்த் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கிற பெண்கள் பூவரசு மரத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால், கயிறு அசைந்ததும் ஒருத்தி "இழுத்துருச்சேய்!" என்று கூவுவாள், அடுத்த காட்டுக்காரி அதை வாங்கிக் கூவுவாள், அப்படியே மலை மலையாகக் கூவல் போய், தோட்டம் முழுக்கக் கூடையை இறக்கித் தேத்தண்ணி குடித்தது. புதுச் சங்கு வேண்டுமென்று எழுதிப் போட்டிருந்த சூப்பர்வைசர், கயிறு சங்கைவிட ஒழுங்கு என்று கண்டு, நினைவூட்டுக் கடிதம் போடுவதை நிறுத்திக்கொண்டார். ஹனீபா என்பவன் மரத்தடியில் ஒரு பெட்டிக்கடை போட்டான்.

கோயில் பூசாரி வந்து பார்த்தார், சர்ச்சின் உபதேசியார் வந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றார்கள். "இது எங்க ஆளு இல்லப்பா," என்றார் பூசாரி. "சாமின்னா குடுக்கும், இல்லாட்டி கண்ணக் குத்தும். இது இருக்கியான்னு கேக்குது. கேக்கறது மனுஷன் செய்யற காரியம்." உபதேசியார் யோசித்துப் பார்த்து, அதை ஒப்புக்கொண்டார். அதனால் அங்கே யாரும் மஞ்சள் பூசவில்லை, மெழுகுவத்தியும் கொளுத்தவில்லை.

ஆனால் ஒன்பது பத்துக்குக் கயிற்றில் கை வைத்திருந்தவர்கள் சும்மா இருக்க முடியவில்லை. சுப்பையா மேஸ்திரி ஒரு நாள் பிடித்துப் பார்த்தார். இழுப்பு வந்ததும் கையை எடுத்து, துண்டால் முகத்தைத் துடைத்து, ஏழு வருடமாகப் பேசாத தம்பியைப் பார்க்க நேரே கூடலூர் பஸ் ஏறிவிட்டார். தொழிற்சாலை டைப்பிஸ்டு அம்மா பிடித்துவிட்டுப் போய் ஆஸ்பத்திரியில் கிடந்த மாமியாருக்குத் தலை வாரிவிட்டாள். யாருக்கு இழுப்பு கிடைத்ததோ அவர்கள் யாரையாவது பார்க்கப் போனார்கள், போய் வாசலில் நின்று, "சும்மாதான் வந்தேன், இருக்கியா?" என்றார்கள். திங்கட்கிழமைக் கூடலூர் பஸ்ஸில் நிற்க இடமில்லாமல், கண்டக்டர் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தானும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து பிடித்துப் பார்த்தான்.

எல்லோரும் பதிலுக்கு ஒரு இழுப்பு இழுத்துத்தான் பார்த்தார்கள். கயிறு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. யார் பதில் சொன்னாலும், ஒரு மூச்சு விட்டு, இரண்டாவது இழுப்பு வந்தது. அது எந்தக் கைக்காகக் காத்திருக்கிறது என்று தோட்டத்தில் தெரியாத ஆள் இல்லை. தாவீது ரேஷன் கடை வரிசையில் நின்றால் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்; யாரும் அவனிடம் போ என்று சொல்லவில்லை. ஹனீபா மட்டும் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னான். "தாவீதண்ணே, நீங்க வராம இருக்கறது என் யாவாரத்துக்கு நல்லதுண்ணே. நீங்க பதில் சொல்லி அது நின்னு போச்சுன்னா, நான் கடையத் தூக்கிகிட்டு எங்க போவேன்?" சொல்லிவிட்டு, இப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆனால் தாவீதின் பயமும் அதுதான். பதில் சொன்னால் நின்றுவிடும். கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் வீரமலை எங்கோ ஒரு நுனியில் இருக்கிறான். பதில் கிடைத்ததும் திருப்தியாகப் போய்விடுவான். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது: அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? தாவீது மறுபடியும் அடுப்புக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தான். தட்டில் சோறு மறுபடியும் காய்ந்தது.

வருடம் திரும்பிச் சித்திரை வந்தது. ஒரு மத்தியானம் மூக்காயி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்பையும் தட்டையும் பார்த்தாள்.

"இதுக்குத்தான் அவரு பதினோரு வருஷம் பாடுபட்டாரா அண்ணே?"

தாவீது தலையைத் தூக்கவில்லை. "தங்கச்சி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அவன் இழுத்தான். ரெண்டு தரம் இழுத்தான். நான் பதில் குடுக்கல. மீனுக்காக விட்டுட்டேன். அதான் பதறிப்போய் ஓடி வந்திருக்கான்."

மூக்காயி தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு மட்டுமா நீங்க பதில் குடுக்கல? மீனு வந்துட்டா ஒங்களுக்கு ஒலகமே மறந்து போயிரும்னு அவருதான் சொல்லிச் சிரிப்பாரே. வருஷா வருஷம் நாலு நாள்ல மூணு நாலு தரமாச்சும் ஓடி வருவாராம். மரத்துக்குப் பின்னால நின்னு எட்டிப் பாப்பாராம். நீங்க பாட்டுக்கு நிப்பீங்களாம். சத்தம் போடாம திரும்பிப் போயிருவாராம்."

"எங்கிட்டச் சொன்னதே இல்லியே."

"சொன்னா நீங்க வருவீங்களா? ரூத் அக்கா தவறிப்போன வருஷம் அந்தக் கயித்த வாங்கிட்டு வந்து என்கிட்டக் காட்டினாரு. 'அவனத் தனியா விட்டா ஆத்தோட போனாலும் போயிருவான் மூக்காயி. இருக்கியான்னு வாயால கேட்டா மூஞ்சியத் திருப்பிக்குவான். அதான் கயித்தால கேக்கப் போறேன்'னாரு. பேச்சுத் துணையாம், பேச்சுத் துணை!" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்குக் கோவம் இல்லாம இல்ல. நெஞ்சு வலிய மறைச்சு வச்சதுக்கு அவரு மேல கோவம். ஒரு வருஷமா மனுஷனக் காக்க வச்சிருக்கீங்களே, அதுக்கு ஒங்க மேல. போயி ஒரு இழுப்பு இழுத்துட்டு வாங்க. பாவம், கை வலிக்காது?"

தாவீது வெகு நேரம் தன் இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருடம் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒருவன் நின்றிருக்கிறான், தான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவனுக்கு மெதுவாகத்தான் எட்டியது. எட்டியதும், தோட்டத்துக்கு வந்த நாள் முதல் அவன் வாங்கிக்கொண்டதெல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தது போல் மார்பு நிறைந்துபோயிற்று. "சோறு இருக்கா தங்கச்சி?" என்று கேட்டான்.

வைகாசியில் அவன் லைசென்ஸ் வாங்கினான். ஒரு வருடமாக மேட்டில் நின்ற கூடாரத்தின் கிழிசலை மூக்காயி தைத்துக் கொடுத்தாள். அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவன் ஆற்றுக்குப் போன அன்று காலை பதினாலாம் நம்பர்க் காட்டில் கூடைகள் இருந்தன, ஆட்கள் இல்லை. எல்லோரும் ஆற்றங்கரையில் நின்றார்கள், பேசாமல். மீன் ஓடிவிடும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். ஹனீபா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றான். சுப்பையா மேஸ்திரியோடு அவர் தம்பியும் வந்திருந்தான்.

தாவீது பூவரசு மரத்திலிருந்து கயிற்றைக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். தூண்டிலை எறிந்தான். மீன் வரவில்லை. ஒன்பது பத்துக்கு ஒரு இழுப்பு வந்தது.

தாவீது ஒரு இழுப்புக் கொடுத்தான்.

ஒரு மூச்சு போயிற்று. இரண்டாவது இழுப்பு வரவில்லை. ஆறு ஓடியது. பிறகு, அவசரமே இல்லாமல், அடுத்தடுத்து இரண்டு இழுப்பு வந்தது.

"தேத்தண்ணி ரெடியாம்," என்றான் தாவீது. ஒரு வருடத்தில் அவன் சத்தமாகப் பேசியது அதுதான். கரையில் நின்ற ஒருத்தி சிரித்துவிட்டாள், உடனே அழவும் செய்தாள். கயிறு தளர்ந்து புல்லில் படுத்தது.

தாவீது அதை இழுத்துச் சுருட்ட ஆரம்பித்தான். பத்து மார் வந்தது, இருபது மார் வந்தது, நாற்பது மார் வந்தது, இன்னும் வந்துகொண்டே இருந்தது. பெள்ளி வந்து ஒரு கை கொடுத்தான். மேஸ்திரியும் தம்பியும் வந்து பிடித்தார்கள். டைப்பிஸ்டு அம்மா, பூசாரி, உபதேசியார், கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லோரும் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, பனித்தண்ணீர் சொட்டச் சொட்ட, உச்சி வெயில் வரை இழுத்தார்கள். அப்புறம் வளைவுக்கு அப்பால் பாறையில் ஏதோ இடித்து ஒரு சத்தம் கேட்டது. மூக்காயி அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே உட்கார்ந்துவிட்டாள்.

கயிற்றின் நுனியில் கெட்டில் கட்டியிருந்தது. மூடியைத் திறந்தால் ஆவி வந்தது. இரண்டு டம்ளர் தேத்தண்ணி இருந்தது. ஹனீபா ஓடிப்போய்த் தன் கடையிலேயே நல்ல டம்ளர் இரண்டு எடுத்து வந்தான். தாவீதுக்கு ஒன்று, மூக்காயிக்கு ஒன்று. மூக்காயி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"சக்கரையக் கொறைக்கச் சொல்லி எத்தனை வருஷம் கத்தினேன். அங்க போயும் கொறைக்கல பாருங்க."

தாவீது தன் டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையை விரலால் வழித்துச் சாப்பிட்டான்.

ஆனி மாதம் தொழிற்சாலைக்குப் புதுச் சங்கு வந்தது. ஹனீபாவின் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது, மக்கள் பழகிவிட்டார்கள். தாவீது ஒவ்வொரு கோடையும் நாலு நாள் கூடாரம் போடுகிறான். மற்ற நாளெல்லாம் ஒன்பது பத்துக்கு, சங்கு ஊதியதும், மூக்காயி வீட்டு வாசலில் நின்று "தங்கச்சி" என்று ஒரு குரல் கொடுப்பான். உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று வரும். அன்று சுருட்டிய கயிற்றைப் பெள்ளி மறுநாள் அளந்து பார்த்தபோது சரியாக நாற்பது மார்தான் இருந்தது. அதைப் பாதியாக வெட்டினார்கள். இருபது மார் தாவீது வீட்டில் இருக்கிறது, இருபது மார் மூக்காயி வீட்டில். இரண்டிலும் துணி காய்கிறது.